‘லீகல் கவர் இருக்கு’ என்றால் என்ன இருக்கிறது? விடுமுறை வீட்டுக்காரர்களுக்கு ஓர் அறிமுகம்

பிரிட்டனில் கடலோரத்திலோ மலையடிவாரத்திலோ இரண்டாவதாக ஒரு வீடு வாங்கிப்போட்டவர்களிடம் பேசினால் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும்: “லீகல் கவர் இருக்கு, பார்த்துக்கலாம்.” அந்தக் கவர் எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். “யாராவது நம்ம மேல கேஸ் போட்டா இன்சூரன்ஸ்காரங்க கொடுத்துடுவாங்க” என்பார் ஒருவர். “தங்க வந்தவங்க சோஃபாவைக் கிழிச்சா அதுக்குப் பணம் வரும்” என்பார் அடுத்தவர். “வக்கீல் ஃபீஸ் கிடையாது, எவ்வளவு தூரம் வேணும்னாலும் இழுக்கலாம்” என்பார் மூன்றாமவர். முதல் இரண்டும் தவறு. மூன்றாவது பாதி சரி. மிச்சப் பாதியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

இங்கே சொல்வதெல்லாம் பெரும்பாலும் இங்கிலாந்து, வேல்ஸ் நடைமுறை. ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்ட அமைப்பு இருக்கிறது. முக்கியமாக மாறும் இடங்களில் மட்டும் அதைத் தொட்டுச் செல்கிறேன்.

## எதற்குப் பணம் தருகிறது?

லீகல் கவர், அதாவது சட்டச் செலவுக் காப்பீடு என்பது ஒரு தகராறைச் சட்டப்படி நடத்த ஆகும் செலவுக்கான காப்பீடு. வழக்கைத் தயாரித்து நடத்தும் சொலிசிட்டர் கட்டணம், கோர்ட்டில் வாதாடும் பாரிஸ்டர் கட்டணம், கோர்ட்டில் கட்ட வேண்டிய பணம், நிபுணர் அறிக்கைக்கான செலவு, தோற்றால் எதிர்த்தரப்பின் செலவில் நம் தலையில் விழும் பங்கு, இவைதான் அதன் எல்லை. தகராறுக்குக் காரணமான நஷ்டம் அதில் வராது.

காருக்கு எடுக்கும் பிரேக்டவுன் கவரை நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் வண்டி நின்றால் ஆள் அனுப்புவார்கள், பார்ப்பார்கள், தேவையானால் இழுத்துக்கொண்டு போய் கராஜில் விடுவார்கள். புது எஞ்சின் வாங்கித் தர மாட்டார்கள். வண்டி நின்ற பிறகு போன் செய்து அன்றைக்கே கவர் எடுத்தால் அந்தப் பழுதுக்குச் செல்லாது. வருகிறவர் யார் என்பதை முதலில் அவர்கள்தான் முடிவு செய்வார்கள். வந்த ஆள் “இதைச் சரிசெய்து பயனில்லை” என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் செலவு செய்ய மாட்டார்கள். சட்டச் செலவுக் காப்பீட்டில் மக்கள் தடுக்கி விழும் இடங்கள் ஏறக்குறைய இதே நான்குதான்.

இதை நாம் வழக்கமாகத் தனியாக வாங்குவதில்லை. ஜெர்மனியில் சட்டச் செலவுக் காப்பீட்டைத் தனிப் பாலிசியாக எடுப்பது சகஜம். பிரிட்டனில் கட்டடக் காப்பீட்டோடு சில பத்து பவுண்டு கூடுதலாகக் கட்டிச் சேர்த்துக்கொள்கிற துணைக் கவர் அது. ஆன்லைனில் பாலிசி எடுக்கும்போது கடைசியில் ஒரு பெட்டியில் டிக் போடச் சொல்வார்களே, அதுதான். டிக் போட ஒரு நொடி ஆவதால், அதற்குப் பின்னால் தனியாகப் பத்துப் பதினைந்து பக்க விதிகள் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. பெரும்பாலும் கட்டடத்தைக் காப்பீடு செய்யும் நிறுவனம் ஒன்று, சட்டச் செலவுப் பகுதியை நடத்தும் நிறுவனம் வேறொன்று. கிளெய்ம் என்று வரும்போதுதான் இந்த இரண்டாவது பெயரையே முதன்முதலாகப் பார்ப்போம்.

## தோற்றவர் கட்ட வேண்டும் என்ற விதி

செலவுக்கு மட்டும் தருகிற காப்பீட்டால் என்ன பெரிய பலன் என்று தோன்றலாம். இங்கிலாந்து கோர்ட்டுகளில் பொதுவிதி, தோற்றவர் ஜெயித்தவரின் வழக்குச் செலவையும் ஏற்க வேண்டும் என்பது. நம் வக்கீலுக்கு நாம் கட்டுவது ஒரு பயம் என்றால், எதிரியின் வக்கீலுக்கும் கட்ட நேரிடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம். நியாயம் தன் பக்கம் இருந்தும் பலர் வாயை மூடிக்கொண்டு போவது இதனால்தான்.

ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். கார்ன்வாலில் உங்களுக்கு ஒரு பழைய கல்வீடு. கூரையின் ஸ்லேட் பலகைகளை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட ஒரு பில்டரிடம் கொடுத்தீர்கள். முதல் மழைக்காலத்திலேயே மாடி அறைக்குள் தண்ணீர். பில்டர் போனை எடுப்பதில்லை. வேறு ஆளை வைத்துப் பிரித்துக் கட்ட 28,000 பவுண்டு ஆகும் என்று வைத்துக்கொள்வோம்.

வழக்குப் போட வேண்டுமென்றால் முதல் நாளே கோர்ட்டில் கட்ட வேண்டியது 1,400 பவுண்டு. 10,000 பவுண்டுக்கு மேல் 2,00,000 வரையுள்ள பண வழக்குகளுக்குக் கேட்கும் தொகையில் 5 சதவீதம் கட்டணம். கூரையைப் பார்த்து எழுத்தில் கருத்துச் சொல்ல ஒரு சர்வேயர், அதாவது கட்டட ஆய்வு நிபுணர் வேண்டும். சொலிசிட்டர் மணிக்கு 240 பவுண்டு கேட்கிறார், வழக்குக்கு 60 மணி நேரம் பிடிக்கிறது என்றால் 14,400. அதன் மேல் 20 சதவீத வாட் வரி சேர்ந்தால் 17,280. ஜெயித்தால் இதில் ஒரு பங்கு திரும்ப வரும், முழுவதும் வராது. 2023 அக்டோபர் 1 முதல் 1,00,000 பவுண்டு வரையுள்ள பெரும்பாலான வழக்குகளில் ஜெயித்தவர் எவ்வளவு செலவைத் திரும்பப் பெறலாம் என்பதற்கு நிர்ணயிக்கப்பட்ட அட்டவணை இருக்கிறது. நம் வக்கீல் போட்ட பில் அந்த அட்டவணையைவிடக் கூடுதலாக இருந்தால் மிச்சம் நம் கையிலிருந்துதான். தோற்றாலோ கூரையும் போச்சு, பதினேழாயிரமும் போச்சு, பில்டரின் வக்கீலுக்கும் கட்ட வேண்டும்.

சட்டச் செலவுக் காப்பீடு இந்த இடத்தில்தான் கை கொடுக்கிறது. பாலிசியின் உச்சவரம்பு வரை, பொதுவாக 50,000 அல்லது 1,00,000 பவுண்டு வரை, மேலே சொன்ன செலவுகளை அது ஏற்கும். அந்த 28,000 பவுண்டை அது தராது. அதைப் பில்டரிடமிருந்துதான் வாங்க வேண்டும்.

10,000 பவுண்டு வரையுள்ள சாதாரணப் பண வழக்குகள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ‘ஸ்மால் கிளெய்ம்ஸ்’ என்ற எளிய பாதையில் போகும். ஸ்காட்லாந்தில் இதைப் போன்ற ‘சிம்பிள் ப்ரொசீஜர்’ 5,000 பவுண்டு வரை. ஸ்மால் கிளெய்ம்ஸில் ஜெயித்தாலும் வக்கீல் கட்டணம் எதிரியிடமிருந்து பொதுவாகக் கிடைக்காது. அதனால் ஆளாளுக்குத் தாங்களே வாதாடுவார்கள். சின்னத் தகராறுகளுக்குக் காப்பீட்டு நிறுவனங்களும் பெரும்பாலும் வக்கீல் வைத்து நடத்துவதில்லை. போனில் ஆலோசனையோடு நிறுத்திக்கொள்வார்கள். கிழிந்த சோஃபாவுக்கு ஹைகோர்ட் பாரிஸ்டர் வர மாட்டார்.

சுருக்கமாக: காப்பீடு தருவது வழக்கை நடத்தும் செலவு, தோற்றால் எதிரியின் செலவு. நஷ்டத்துக்கு ஈடு தருவது எதிரி, அல்லது நம்முடைய வேறொரு காப்பீடு.

## அந்த வேறொரு காப்பீடு எது?

இந்தக் குழப்பம் ஆபத்தானது, அதனால் இதைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன். தங்க வந்த விருந்தினர் மாடிப்படியில் கைப்பிடி ஆடியதால் விழுந்து கால் உடைந்து உங்கள் மேல் வழக்குப் போடுகிறார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டை வைத்திருப்பவர் வருகிறவர்களின் பாதுகாப்பில் நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்பது 1957ஆம் ஆண்டுச் சட்டம். இந்த வழக்கில் இழப்பீட்டையும் உங்கள் தரப்பு வக்கீல் செலவையும் ஏற்பது பப்ளிக் லயபிலிட்டி காப்பீடு, அதாவது உங்களால் மற்றவருக்கு ஏற்பட்ட பாதிப்புக்கான காப்பீடு. சட்டச் செலவுக் காப்பீடு இங்கே நுழையாது. பெரும்பாலான பாலிசிகளில் ‘வேறு காப்பீட்டில் வரக்கூடியது இதில் வராது’ என்றே எழுதியிருக்கும்.

குழாய் வெடித்து வீடு நனைந்தால் கட்டடக் காப்பீடு. சோஃபா கிழிந்தால் உள்ளடக்கக் காப்பீடு, அதாவது வீட்டுச் சாமான்களுக்கான காப்பீடு. அதிலும் விருந்தினர் செய்த சேதத்தை ஏற்கிறார்களா என்று பார்க்க வேண்டும், பலர் ஏற்பதில்லை. சட்டச் செலவுக் கவரை மட்டும் நம்பி பப்ளிக் லயபிலிட்டி இல்லாமல் விருந்தினரைத் தங்க வைப்பவர்கள் உண்டு. கேட்கும்போதே வயிற்றைக் கலக்கும்.

## உங்களுடையது எந்த வகை வீடு?

குடியிருக்கும் வீட்டுக்கு எடுத்த பாலிசியில் லீகல் கவர் இருந்தால் அது விடுமுறை வீட்டுக்கும் செல்லும் என்று நினைப்பது இயல்பு. பெரும்பாலும் செல்லாது. பாலிசியில் ‘உங்கள் வீடு’ என்ற சொல்லுக்கு முன்பக்கத்தில் ஒரு விளக்கம் இருக்கும். அதில் உள்ள முகவரி ஒன்றுதான் உங்கள் வீடு. சில நிறுவனங்கள் இரண்டாவது வீட்டையும் சேர்த்துக்கொள்கின்றன, ஆனால் வாடகைக்கு விடாதவரை மட்டும்.

குடும்பம் மட்டும் போய் வருகிற வீடு ஒரு வகை. பணம் வாங்கிக்கொண்டு விருந்தினரைத் தங்க வைக்கும் வீடு இன்னொரு வகை. பணம் கைமாறத் தொடங்கிய கணத்திலேயே நிறுவனத்தின் பார்வையில் நீங்கள் தொழில் செய்கிறவர். வருஷத்தில் நாலே வாரம்தான் விடுகிறோம் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. நண்பரின் நண்பரிடம் ‘கரண்ட் செலவுக்கு’ என்று வாங்கிய தொகையும் சிக்கல்தான். காப்பீடு எடுக்கும்போது கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லியிருக்க வேண்டும். தொழிலாக எடுப்பவர் என்றால் 2015ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டப்படி, கேட்காவிட்டாலும் முக்கியமான விவரங்களைத் தானாக எடுத்துச் சொல்லும் கடமையும் உண்டு. அதனால் விடுமுறை வாடகைக்கென்றே உள்ள பாலிசியை எடுத்து, அதோடு சேரும் சட்டச் செலவுப் பகுதியை வாங்குவதுதான் ஒழுங்கு. குடியிருப்போர் பாலிசியில் இல்லாத சில விஷயங்கள் அதில் இருக்கும்: வெளியேற மறுக்கும் விருந்தினர், துப்புரவு நிறுவனத்தோடோ ஏஜென்சியோடோ ஒப்பந்தத் தகராறு, வரித்துறை விசாரணை போன்றவை.

மூன்றாவது வகை ஹாலிடே பார்க்கில் இருக்கும் ஸ்டேட்டிக் கேரவன், அதாவது ஓரிடத்திலேயே நிறுத்திவைத்த வண்டி வீடு. இதை வீடு என்று வாங்குகிறவர்கள் நிறைய. ஆனால் நிலம் பார்க் உரிமையாளருடையது. நமக்கு இருப்பது அங்கே நிறுத்திவைக்கும் உரிமம் மட்டும். நிரந்தரமாகக் குடியிருக்கும் மொபைல் வீடுகளுக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டம் தரும் பாதுகாப்பு விடுமுறைக் கேரவனுக்குக் கிடையாது. கேரவன்காரர்களின் சண்டை பெரும்பாலும் பார்க் கட்டணம், உரிமத்தைப் புதுப்பிக்க மறுப்பது இவற்றைப் பற்றியே இருக்கும். ஆகவே கேரவன் பாலிசியில் ‘பார்க் உரிமையாளரோடு வரும் தகராறு’ உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்ற ஒற்றை வரிதான் பார்க்க வேண்டியது. வேறு பக்கங்களைப் பிறகு படிக்கலாம்.

வெளிநாட்டில் வீடு இருந்தால் பாலிசி எந்த நாடுகளில் செல்லும் என்ற பத்தியைப் பார்க்காமல் நகராதீர்கள். ஐக்கிய ராஜ்யத்துக்குள் மட்டும் என்று எழுதியிருந்தால் ஸ்பெயின் வீட்டுக்கு அது வெறும் காகிதம்.

## 51 சதவீதம்

கவர் இருந்தும் பணம் வரவில்லை என்று வருகிற புகார்களில் பெரும்பகுதி இந்த ஓர் இடத்தில் தொடங்குகிறது. கிட்டத்தட்ட எல்லாப் பாலிசிகளிலும் ‘ஜெயிக்க நியாயமான வாய்ப்பு’ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. ஜெயிக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல், வழக்கமாக 51 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். தராசில் நம் தட்டு ஒரு குண்டுமணி அளவாவது கீழே இறங்க வேண்டும்.

இதை முடிவு செய்வது நாமும் இல்லை, கிளெய்ம் எடுக்கும் ஊழியரும் இல்லை. காகிதங்களை ஒரு வக்கீலிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பார்கள். அவர் பார்ப்பது நியாயத்தை மட்டுமல்ல, சாட்சியத்தையும். நம் கார்ன்வால் கூரைக்கே வருவோம். பில்டரோடு எழுத்தில் ஒப்பந்தம் உண்டா? “ஸ்லேட் மாற்றம், முழுக் கூரை” என்று ஒரு மின்னஞ்சலாவது உண்டா? தண்ணீர் ஒழுகிய அன்றைக்கு எடுத்த படம் உண்டா? வேறு ஆளை வைத்துப் பிரித்துக் கட்டிவிட்டுப் பிறகு கிளெய்ம் போட்டால், சர்வேயர் பார்ப்பதற்குப் பழைய வேலையே இருக்காது. நியாயம் அப்படியே இருக்கும், சதவீதம் மட்டும் சரிந்துவிடும்.

‘வாய்ப்பு’ என்பதில் தீர்ப்பு வாங்குவதோடு பணத்தை வசூலிப்பதும் சேரும். இது பலருக்கு அதிர்ச்சி தரும். அந்தப் பில்டர் ஒரு லிமிடெட் கம்பெனி, அது கடையை மூடிக் கலைக்கப்பட்டுவிட்டது என்றால், வழக்கில் நூற்றுக்கு நூறு ஜெயித்தாலும் கையில் ஒன்றும் வராது. அப்படிப்பட்ட வழக்குக்கு நிறுவனம் பணம் போடாது. கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸின் இணையதளத்தில் கம்பெனியின் பெயரைத் தட்டினால் அது உயிரோடு இருக்கிறதா, கடைசியாக எப்போது கணக்குத் தாக்கல் செய்தது என்று இலவசமாகத் தெரியும். வேலை கொடுப்பதற்கு முன்னால் பார்த்தால் இன்னும் நல்லது.

அடுத்து, செலவு வழக்கின் மதிப்போடு பொருந்த வேண்டும். 3,000 பவுண்டு தகராறுக்கு 15,000 செலவு செய்ய மாட்டார்கள். சில பாலிசிகளில், வழக்கை நடத்துவதற்குப் பதிலாக அதன் நியாயமான மதிப்பை உங்களிடமே கொடுத்து முடித்துக்கொள்ளும் உரிமையை நிறுவனம் வைத்திருக்கும். நஷ்டத்துக்குப் பணம் தராது என்று மேலே சொன்ன விதிக்கு இது ஒரு வேடிக்கையான விலக்கு. அந்த முடிவு அவர்களுடையது, நாம் கேட்டு வாங்க முடியாது.

முதல் நாள் 51 வந்தால் கடைசி வரை அப்படியே இருக்கும் என்பதும் இல்லை. எதிர்த்தரப்பு ஒரு புதிய ஆவணத்தைக் காட்டினால் மறுபடியும் மதிப்பிடுவார்கள். வாய்ப்பு பாதிக்குக் கீழே போனால் நடுவழியில் நிதியை நிறுத்தலாம். எதிரி நியாயமான சமரசத் தொகையை முன்வைத்து, நம் வக்கீலும் “வாங்கிக்கொள்ளலாம்” என்று சொல்லி, நாம் மட்டும் வீம்புக்கு மறுத்தாலும் நிறுத்தலாம். மதிப்பீட்டை ஏற்க முடியாவிட்டால் சொந்தச் செலவில் ஒரு பாரிஸ்டரிடம் கருத்து வாங்கிக் காட்டலாம். அது சாதகமாக இருந்தால் நிறுவனங்கள் பெரும்பாலும் முடிவை மறுபரிசீலனை செய்து அந்தச் செலவையும் திருப்பித் தருகின்றன.

ஆக மூன்று கேள்வி: ஜெயிப்போமா, ஜெயித்தால் வசூலாகுமா, செலவுக்குத் தகுந்த தொகையா? மூன்றுக்கும் ஆம் என்றால்தான் கவர் விழித்துக்கொள்கிறது.

## யாருடைய வக்கீல்?

நிறுவனம் தன் பட்டியலில் உள்ள சொலிசிட்டர்களில் ஒருவரைத்தான் முதலில் தரும். நம் ஊர்க்காரர் ஒருவரை, தெரிந்தவரை வைத்துக்கொள்ள முடியாதா என்று கேட்பார்கள். முடியும், ஆனால் எப்போது என்பதில்தான் விஷயம். 1990இல் வந்த சட்டச் செலவுக் காப்பீட்டு விதிமுறைகள், 1987ஆம் ஆண்டு ஐரோப்பிய உத்தரவை ஒட்டி, கோர்ட் நடவடிக்கையோ விசாரணையோ வரும்போது வக்கீலைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தைக் காப்பீடு எடுத்தவருக்குத் தருகின்றன. அதற்கு முன்னால் கடிதம் எழுதிப் பேசித் தீர்க்கும் கட்டத்தில் நிறுவனத்தின் ஆள்தான் பேசுவார். நிறுவனத்துக்கும் நமக்கும் நலன் முரண்படும் நிலை வந்தாலும் நாமே தேர்ந்தெடுக்கலாம்.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. நாம் தேர்ந்தெடுக்கும் வக்கீலுக்கு நிறுவனம் தரும் மணிக்கட்டணத்துக்கு வரம்பு உண்டு. 100 பவுண்டு என்பது பல பாலிசிகளில் தென்படும் எண். உங்கள் வக்கீல் 240 கேட்டால் மணிக்கு 140 உங்கள் பையிலிருந்து. சுதந்திரம் காகிதத்தில் முழுமையாகவும் பணத்தில் பாதிக்கும் குறைவாகவும் இருக்கிறது. தேர்வு சுதந்திரமே அர்த்தமற்றுப் போகும் அளவுக்குக் கட்டணத்தைக் குறைத்து நிர்ணயிக்கக்கூடாது என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் சொல்லியிருக்கிறது. ஆனால் வரம்பு வைப்பதே தவறு என்று சொல்லவில்லை. நிலத்தகராறு போன்ற நுணுக்கமான வழக்கில்லை என்றால் பட்டியல் வக்கீலோடு போவதில் குறை ஒன்றுமில்லை என்பது என் அபிப்பிராயம்.

## வெளியேற மறுக்கும் விருந்தினர்

விடுமுறை வாடகைக்காரர்களை இரவில் தூங்கவிடாத பயம் இது. ஒரு வாரத்துக்கு வந்தவர் போக மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டால்? வெறும் விடுமுறைக்காக மட்டும் தங்குகிறவருக்கு இங்கிலாந்தில் வாடகைதாரர் பாதுகாப்பு கிடையாது. 1988ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் விடுமுறைத் தங்கலைப் பாதுகாக்கப்பட்ட குத்தகைகளிலிருந்து விலக்கியிருக்கிறது. கோர்ட் உத்தரவில்லாமல் வெளியேற்றக்கூடாது என்ற 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பும் இவருக்கு இல்லை. ஆனால் உள்ளே ஆள் இருக்கும்போது கதவை உடைத்துக்கொண்டு நுழைவது குற்றம். அதனால் நிதானமான வழி பெரும்பாலும் வக்கீல் கடிதம், அதற்கும் அசையாவிட்டால் கோர்ட். அந்தச் செலவுக்குத்தான் கவர்.

பொறி வேறு இடத்தில் இருக்கிறது. சீசன் முடிந்ததும் குளிர்காலத்தில் வீடு சும்மாதானே கிடக்கிறது என்று பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவருக்கு ஐந்து மாதம் விடுகிறார்கள். காகிதத்தில் ‘விடுமுறைத் தங்கல்’ என்றே எழுதிக்கொள்கிறார்கள். கோர்ட் தலைப்பைப் பார்க்காது, உண்மையில் என்ன நடந்தது என்று பார்க்கும். வேலைக்குப் போய் வந்துகொண்டு அங்கேயே குடியிருப்பவர் வாடகைதாரர். அவரை வெளியேற்றும் வழிமுறை முற்றிலும் வேறு, விடுமுறை வாடகைக்கான கவரும் அவருக்குச் செல்லாது.

ஆளில்லாத வீட்டில் அத்துமீறிப் புகுந்து குடியேறுவது தனிக்கதை. 2012 செப்டம்பர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடியிருப்புக் கட்டடத்தில் அப்படிப் புகுந்து தங்குவது குற்றம். முதலில் போலீஸ், பிறகுதான் காப்பீடு.

## வெளியே நிற்பவை

எல்லாப் பாலிசியும் ஒன்றுபோல் இருக்காது என்றாலும், பாலிசி தொடங்குவதற்கு முன்பே முளைத்த தகராறு எங்கும் வராது. தகராறு படிப்படியாக வளர்ந்ததென்றால் முதல் சம்பவம் எப்போது என்று பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வேலியை நகர்த்தியது போன வருஷம், வாய்ச்சண்டை இந்த வருஷம், பாலிசி எடுத்தது இரண்டுக்கும் நடுவில் என்றால் பதில் ‘கவர் இல்லை’ என்பதே. ஒவ்வொரு வருஷமும் ஐந்து பவுண்டு மிச்சத்துக்காக நிறுவனம் மாற்றுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். கவர் இடைவெளியில்லாமல் தொடர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டட வேலை ஒப்பந்தங்களில் புதிதாகக் கட்டுவது, நீட்டுவது, மாற்றியமைப்பது போன்றவை சில ஆயிரம் பவுண்டைத் தாண்டினால் பல பாலிசிகள் விலக்கிவிடும். பழுதுபார்ப்புக்கு அந்த விலக்கு பெரும்பாலும் இல்லை. அதே கார்ன்வால் வீட்டில் ஸ்லேட்டை மாற்றினால் உள்ளே, அதே பில்டரை வைத்துக் கூரைக்கடியில் ஒரு படுக்கையறை எடுத்தால் வெளியே. இரண்டையும் ஒரே பில்லில் போட்டுக் கொடுத்தால் நிறுவனத்தோடு வாதாட ஒரு வக்கீல் தேவைப்படும், அந்த வக்கீலுக்கு இந்தக் கவர் பணம் தராது.

மேலே சொன்ன வரித்துறை விசாரணை போன்றவை தவிர, அரசாங்கத்தோடும் உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலோடும் வரும் சண்டைகள் பொதுவாக வெளியேதான். இரண்டாவது வீட்டுக்காரர்கள் இப்போது அதிகம் குமுறுவது கவுன்சில் வரியைப் பற்றி. இங்கிலாந்தில் 2025 ஏப்ரல் முதல் கவுன்சில்கள் இரண்டாவது வீட்டுக்கு 100 சதவீதம் வரை கூடுதல் வரி போடலாம். வேல்ஸில் 2023 முதல் 300 சதவீதம் வரை. வேல்ஸில் கவுன்சில் வரியிலிருந்து தொழில் வரிக்கு மாற வேண்டுமென்றால் வருஷத்துக்கு 182 நாளாவது உண்மையில் வாடகைக்கு விட்டிருக்க வேண்டும். இந்தக் கொள்கைகளை எதிர்க்க லீகல் கவர் உதவாது. திட்ட அனுமதி மறுப்பும் அப்படியே.

எரிவாயு (கேஸ்) பாதுகாப்புச் சோதனையை வருஷா வருஷம் செய்யாமல் விட்டு, விருந்தினர் தங்கும் வீட்டில் அது பிடிபட்டு வழக்கு வந்தால், சில பாலிசிகள் வாதாடும் செலவைத் தரும். அபராதத்தை எந்தப் பாலிசியும் தராது. ஸ்காட்லாந்தில் குறுகிய கால வாடகைக்கு உரிமம் கட்டாயம். அது இல்லாமல் நடத்துகிறவருக்குக் கவர் பேச்சே எடுபடாது.

## முதலில் போன், பிறகு வக்கீல்

நிறுவனம் எழுத்தில் சம்மதம் தருவதற்கு முன் ஆன செலவு வராது. நடைமுறையில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது இந்த விதிதான். கோபத்தில் பக்கத்துச் சொலிசிட்டரிடம் ஓடி 2,000 பவுண்டுக்குக் கடிதங்கள் எழுத வைத்துவிட்டு, பிறகு கவர் ஞாபகம் வந்து போன் செய்தால் அந்த 2,000 போனது போனதுதான். வக்கீல் அந்தக் கடிதங்களில் எதையாவது விட்டுக்கொடுத்திருந்தால் 51 சதவீதக் கணக்கிலும் அடி.

பாலிசியோடு ஒரு ஆலோசனை எண் வரும், பெரும்பாலும் 24 மணி நேரமும். பக்கத்து வீட்டு மரத்தின் வேர், ஏஜென்சி பிடித்துவைத்த வாடகை, துப்புரவு நிறுவனத்தின் பில் என்று எதையும் அதில் கேட்கலாம். வழக்கு இருக்க வேண்டிய அவசியமில்லை. கட்டிய பிரீமியத்துக்கு உருப்படியான பலன் பலருக்கு இந்த எண்ணிலிருந்துதான் கிடைக்கிறது, பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு. ஆலோசனை கேட்பதும் கிளெய்மைப் பதிவு செய்வதும் வேறு வேறு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். “நான் போனில் சொன்னேனே” என்பது பதிவாகாது.

தகராறு வெடித்த பிறகு எடுக்கிற காப்பீடும் ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு வழக்குக்கென்றே, சொலிசிட்டர் வழியாக எடுப்பது. அதன் பிரீமியம் ஆயிரங்களில் போகலாம். 2013 ஏப்ரலுக்குப் பிறகு தொடங்கிய பெரும்பாலான வழக்குகளில் ஜெயித்தாலும் அந்தப் பிரீமியத்தை எதிரியிடம் கேட்க முடியாது. சில பத்து பவுண்டில் முன்கூட்டியே எடுக்கும் கவரின் அருமை அந்த விலையைப் பார்க்கும்போது புரியும்.

நிறுவனம் கிளெய்மை மறுத்து, அது தவறு என்று நீங்கள் நினைத்தால், முதலில் அவர்களிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். 8 வாரத்துக்குள் இறுதிப் பதில் தர வேண்டும். திருப்தியில்லை என்றால், அந்தப் பதில் வந்த 6 மாதத்துக்குள் நிதிக் குறைதீர்ப்பு அமைப்பான ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை. ஒன்றிரண்டு வீட்டை வாடகைக்கு விடுகிற சிறு தொழில்காரரும் போகலாம். உங்கள் வழக்கு ஜெயிக்குமா என்று ஆம்புட்ஸ்மன் தீர்ப்புச் சொல்ல மாட்டார். நிறுவனம் தகுதியுள்ள வக்கீலிடம் எல்லாக் காகிதத்தையும் கொடுத்து ஒழுங்காகக் கருத்துக் கேட்டதா என்றுதான் பார்ப்பார். அதனால் புகாரில் பில்டரைத் திட்டிப் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட, எந்த ஆவணத்தை வக்கீலுக்குக் காட்டாமல் விட்டார்கள் என்று இரண்டு வரி எழுதுவது வேலை செய்யும்.

அடுத்த முறை புதுப்பிப்புக் கடிதம் வரும்போது புரோக்கரிடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை: சட்டச் செலவுப் பகுதியில் இந்த வீட்டின் முகவரி எழுதியிருக்கிறதா, விருந்தினர் தங்குவது தெரிந்து தந்த கவரா, பழுதுபார்ப்பு ஒப்பந்தத் தகராறு உள்ளே வருகிறதா, நானே தேர்ந்தெடுக்கும் வக்கீலுக்கு மணிக்கு எவ்வளவு தருவீர்கள். பதிலைப் போனில் வாங்காதீர்கள், மின்னஞ்சலில் வாங்குங்கள்.